கார்டு மாறட்டும், ரேக் நிலைக்கட்டும்!



ஆண்டு மலர் என்றாலே கவிதை, துணுக்கு, தன்னம்பிக்கைக் கட்டுரை என்று படித்துப் பழகிய உங்களுக்கு, ரேக், கார்டு, பஸ் என்று நான் எழுதப் போவது கொஞ்சம் போர் அடிக்கலாம். "என்னப்பா, மலர்லயும் கிளாஸ் எடுக்கறியா?" என்று கேட்டுவிடாதீர்கள். நான் சொல்ல வருவது பாடம் அல்ல. ஆண்டுதோறும் நம் வீட்டுப் பணம் வீணாகப் போகிற ஒரு விஷயம். அதைவிட முக்கியமாக, டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகும்போது நாம் கைத்தொழில் தெரிந்தவர்களாகப் போகப் போகிறோமா, வெறும் மார்க் ஷீட்டோடு போகப் போகிறோமா என்ற விஷயம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டைத்தான் சொல்கிறேன்.

கடைசி செமஸ்டர் வந்துவிட்டால் ஒரே பரபரப்பு. பேட்ச் பிரிப்பது, கைடு யார் என்று பார்ப்பது, டைட்டில் தேடுவது, ரிப்போர்ட்டுக்கு பைண்டிங் போடுவது என்று நாட்கள் ஓடிவிடும். தண்ணீர்த் தொட்டி லெவல் காட்டும் கருவி, தானாக எரியும் தெருவிளக்கு, கார் பார்க்கிங் என்று அதே தலைப்புகள் சுற்றிச் சுற்றி வரும். நேரம் போதாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். டவுனில் கடைக்குப் போகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் போர்டு, ரிப்போர்ட், வைவாவில் கேட்கக்கூடிய கேள்வி பதில் எல்லாம் ஒரே கவரில் கிடைத்துவிடுகிறது. வைவா முடிந்த மறுநாள் அந்தப் போர்டை யாரும் தொடுவதில்லை. அடுத்த ஜூனியர் செட் மறுபடியும் தொட்டியின் லெவலைக் கண்டுபிடிக்கக் கிளம்பிவிடுகிறது!

"பசங்களுக்குப் பொறுப்பு இல்லை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதை முழுசாக ஏற்கமாட்டேன். ஒவ்வொரு பேட்சும் பூஜ்யத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடிகிற மாதிரி நாம் ப்ராஜெக்டை அமைத்து வைத்திருக்கிறோம். மூன்று மாதத்தில் பவர் சப்ளையிலிருந்து டிஸ்பிளே வரை எல்லாவற்றையும் நான்கு பேரே செய்ய வேண்டும் என்றால், ஒன்று அது பொம்மையாகத்தான் இருக்கும், இல்லை விலைக்கு வாங்கியதாகத்தான் இருக்கும்.

இதே சிக்கல் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர் செய்கிறவர்களுக்கும் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கம்பெனி செய்ய முடியாது. ஆனால் ஆளாளுக்குச் செய்தால் ஒன்றோடு ஒன்று சேராது. அவர்கள் கண்ட வழி, பொதுவான ரேக். அதில் யார் வேண்டுமானாலும் செய்து செருகக்கூடிய கார்டு. அந்த வழி நமக்கும் பொருந்தும் என்பதே என் கட்சி.

ரேக் என்பது என்ன?

வீட்டுக் கம்ப்யூட்டர் ஐந்தாறு வருடத்தில் பழசாகிவிடும்; தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவோம். தொழிற்சாலையில் அப்படி முடியுமா? ஒரு பெரிய மெஷின் இருபது, முப்பது வருடம் ஓட வேண்டும். அதை ஓட்டுகிற எலக்ட்ரானிக்ஸோ சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. நீண்ட ஆயுள் உள்ள உடம்பில் குறைந்த ஆயுள் உள்ள மூளை! இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

19 அங்குல அகலத்தில் ஒரு இரும்பு அல்லது அலுமினியக் கூடு. அதன் பின்சுவரில் பேக்ப்ளேன் என்று ஒரு போர்டு. அதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. வரிசையாக கனெக்டர்கள், அவற்றை இணைக்கும் செப்புக் கோடுகள், அவ்வளவுதான். முன்பக்கத்திலிருந்து கார்டுகளைத் தண்டவாளத்தில் தள்ளுவது போல உள்ளே தள்ளிச் செருக வேண்டும். சி.பி.யு. ஒரு கார்டு, மெமரி ஒரு கார்டு, ரிலே அவுட்புட் ஒரு கார்டு, தெர்மோகப்பிள் படிக்க ஒரு கார்டு. ஒன்று பழுதானால் பவரை நிறுத்து, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்று, இழு, வேறொன்றைச் செருகு. மெஷின் மறுபடி ஓடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு கம்பெனியின் கார்டு இன்னொரு கம்பெனியின் ரேக்கில் வேலை செய்ய வேண்டுமானால் மூன்று விஷயத்தில் உடன்பாடு வேண்டும். ஒன்று உடம்பு: கார்டின் நீளம், அகலம், கனெக்டர் இருக்கும் இடம். இரண்டு மின்சாரம்: எந்தப் பின்னில் 5 வோல்ட், எந்தப் பின்னில் கிரவுண்ட், ஒரு கோட்டை யார் எவ்வளவு கரண்டில் இழுக்கலாம். மூன்று பேச்சு: யார் முதலில் பேசுவது, யார் பதில் சொல்வது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் யாருக்கு முன்னுரிமை. இந்த மூன்றையும் எழுதி வைத்த தாள்தான் பஸ் ஸ்டாண்டர்டு.

உடம்புக்கான உடன்பாட்டை ஐரோப்பாக்காரர்கள் செய்துவைத்தார்கள். யூரோகார்டு என்று பெயர். சின்ன கார்டு 100 மி.மீ. உயரம், 160 மி.மீ. ஆழம், இதை 3யூ என்பார்கள். பெரிய கார்டு 233.35 மி.மீ. உயரம், அது 6யூ. இது என்ன, 200 என்று இல்லாமல் கோணல் எண்ணாக இருக்கிறதே என்று தோன்றும். ஒரு யூ என்பது ரேக்கின் அளவுமுறையில் 44.45 மி.மீ. மூன்று யூ 133.35. நூறோடு அதைக் கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். கார்டும் ரேக்கும் ஒரே கணக்கில் பிறந்திருக்கின்றன. பின்னால் டின் 41612 வகை கனெக்டர், 32 பின் வீதம் மூன்று வரிசை, மொத்தம் 96.

மியூனிக்கில் எடுத்த முடிவு

1979-இல் மோட்டரோலா கம்பெனி தன்னுடைய 68000 மைக்ரோபிராசசருக்காக வெர்ஸாபஸ் என்ற பஸ்ஸைக் கொண்டு வந்தது. தொழில்நுட்பத்தில் குறை இல்லை. ஆனால் கார்டு தாம்பாளம் மாதிரி பெரியது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்த மோட்டரோலா பொறியாளர்கள் அந்தப் பஸ்ஸின் பேச்சை எடுத்து யூரோகார்டின் உடம்பில் வைத்தார்கள். 1981 அக்டோபரில் மோட்டரோலா, மாஸ்டெக், சிக்னெட்டிக்ஸ் என்ற மூன்று கம்பெனிகளும் சேர்ந்து மியூனிக்கில் நடந்த கண்காட்சியில் அதை அறிவித்தன. அதுதான் வி.எம்.இ. பஸ்.

அறிவித்ததோடு நிற்கவில்லை. ஸ்பெசிஃபிகேஷனைப் பொதுவில் வைத்துவிட்டார்கள். லைசென்ஸ் கட்டணம் இல்லை. யார் வேண்டுமானாலும் கார்டு செய்து விற்கலாம். 1987-இல் அது ஐ.இ.இ.இ. 1014 என்ற ஸ்டாண்டர்டு ஆனது.

சந்தையில் முட்டி மோதுகிற கம்பெனிகள் ஏன் கை கோத்தன? தர்மம் செய்யவா? இல்லை நண்பர்களே, வியாபாரக் கணக்குத்தான். ஒரு வாடிக்கையாளருக்கு மோட்டார் கண்ட்ரோல் கார்டு வேண்டும், இன்னொருவருக்கு உலையின் சூடு படிக்கும் கார்டு வேண்டும், மூன்றாமவருக்குக் கேமரா கார்டு வேண்டும். எல்லாவற்றையும் எந்தக் கம்பெனியாலும் செய்து முடிக்க முடியாது. பஸ்ஸைத் திறந்து வைத்தால் நூறு சின்னக் கம்பெனிகள் நூறு வகை கார்டு செய்யும். அந்த நூறும் ஓட ஒரு சி.பி.யு. கார்டு வேண்டுமே! ஊர் கூடித் தேர் இழுத்தால் ஒவ்வொருவர் தோளிலும் பாரம் குறையும். ஆனால் எல்லோரும் பிடிக்கிற வடம் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஐ.பி.எம். 1981-இல் தன் பி.சி.யின் ஸ்லாட் விவரங்களை மேனுவலில் அச்சிட்டுக் கொடுத்தது. உலகமே அதற்குக் கார்டு செய்தது. 1987-இல் மைக்ரோ சேனல் என்று இன்னும் நல்ல பஸ்ஸைக் கொண்டு வந்து, செய்ய நினைப்பவர்களிடம் ராயல்டி கேட்டது. மற்ற கம்பெனிகள் 1988-இல் தங்களுக்குள் பேசி ஈசா என்ற மாற்றுப் பஸ்ஸை அறிவித்துவிட்டன. மைக்ரோ சேனல் தொண்ணூறுகளில் மெல்ல மறைந்தது. தொழில்நுட்பம் உயர்ந்ததாக இருந்தால் மட்டும் போதாது. கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

பதில் வரும் வரை பொறுமை

வி.எம்.இ. இவ்வளவு காலம் தாக்குப் பிடித்ததற்குத் திறந்த கதவு ஒரு காரணம். இன்னொரு காரணம் அதன் பேச்சு முறை. நம் 8085-இல் 35-ஆம் பின் ரெடி என்று படித்திருக்கிறோம் அல்லவா? மெமரி மெதுவானதாக இருந்தால் அந்தப் பின்னைத் தாழ்த்தி பிராசசரைக் காக்க வைக்கலாம். வி.எம்.இ.யில் எல்லாப் பரிமாற்றமும் அந்த மாதிரித்தான். கேட்கிற கார்டு முகவரியைக் கோட்டில் வைத்து, "வைத்துவிட்டேன்" என்று ஒரு ஸ்ட்ரோப் கொடுக்கும். பதில் சொல்கிற கார்டு வேலையை முடித்துவிட்டு டிடாக் என்ற கோட்டை இழுக்கும். அது வரும் வரை முதல் கார்டு காத்திருக்கும். பதிலே வராவிட்டால் பஸ் டைமர் குறுக்கிட்டு, "இது தப்பு" என்று பஸ் எரர் கொடுக்கும்.

எல்லோரும் ஒரே க்ளாக்கின் தாளத்துக்கு ஓடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் பழைய மந்தமான கார்டும், நேற்று செய்த வேகமான கார்டும் ஒரே ரேக்கில் குடும்பம் நடத்த முடிகிறது. 1994-இல் வி.எம்.இ.64 வந்து டேட்டாவை 64 பிட்டாக அகலப்படுத்தியது. பழைய கார்டுகள் ஓடின. பிறகு 160 பின் கனெக்டர் வந்தது. பழைய மூன்று வரிசையின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு வரிசை சேர்த்தார்கள். 96 பின் கார்டும் அதில் செருகும். புதியவர்கள் வந்தார்கள், பழையவர்களை வெளியே தள்ளவில்லை.

எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள் முடுக்கிகளை இயக்க நூற்றுக்கணக்கான வி.எம்.இ. ரேக்குகள் வைக்கப்பட்டன. 2004-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரு வண்டிகளிலும் கம்ப்யூட்டர் மற்ற கருவிகளோடு பேசியது வி.எம்.இ. பஸ் வழியாகத்தான். 90 நாள் வேலைக்கு என்று அனுப்பிய ஆப்பர்ச்சூனிட்டி 2018 ஜூன் வரை பேசியது! நம் நாட்டில் இந்தூரில் உள்ள இந்தஸ்-2 முடுக்கியின் கட்டுப்பாட்டிலும், நம் கல்பாக்கத்தில் வேக ஈனுலைக்காக உருவாக்கிய ரியல்-டைம் கம்ப்யூட்டர்களிலும் இதே பஸ்தான். தமிழ்நாட்டில் டிப்ளமோ படிக்கிற நாம் இந்தப் பெயரைக் கேள்விப்படாமலே பாஸ் ஆகிறோம் என்பதுதான் வேதனை.

வி.எம்.இ. மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. 1978-இல் வந்த எஸ்.டி.டி. பஸ் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பி.சி./104 இருக்கிறது, அதன் கார்டு வெறும் 90-க்கு 96 மி.மீ. பி.சி.ஐ. பஸ்ஸை யூரோகார்டு உடம்பில் ஏற்றிய காம்பாக்ட் பி.சி.ஐ. 1995-இல் வந்தது. பெயர் வேறு, தத்துவம் ஒன்று.

ஒரு மெக்கானிக் சொன்ன உண்மை

இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்காக கோவைப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் இரண்டு வாரம் இருந்தேன். அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கிற அண்ணன் ஒருவர், பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு மெஷின்களைக் காட்டினார். ஒன்றின் பேனலைத் திறந்தால் வரிசையாகக் கார்டுகள். இன்னொன்றில் ஒரே பெரிய போர்டு, அதன் ஐ.சி.க்களின் மேல் எழுத்தைக்கூடச் சுரண்டி அழித்திருந்தார்கள்.

"பாரு தம்பி, இந்தப் பழசுல கார்டு போச்சுன்னா நானே கழட்டி மாத்திருவேன். அந்தப் புதுசுல போச்சுன்னா கம்பெனிக்காரனுக்குப் போன் பண்ணிப்போட்டு உக்கார வேண்டியதுதான். அவன் எப்ப வர்றானோ, என்ன விலை சொல்றானோ, அதுதான்" என்றார்.

"அண்ணா, அப்ப இதுல கார்டு எங்க வேணாலும் வாங்கலாமா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அங்கதான் இருக்குது சூட்சுமம். அளவு பொது அளவுதான். ஆனா பின் கனெக்சன் அந்தக் கம்பெனி சொந்தமா வச்சது. பரண்ல இதே மாதிரி ஒரு பழைய மெசின் கிடந்துச்சு, அதைப் பிரிச்சு ஸ்பேர் எடுத்து ஓட்டறேன். தீந்துபோச்சுன்னா இதுவும் காயலான் கடைதான்."

அன்று எனக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. ரேக் வைத்திருப்பதால் மட்டும் மெஷின் பிழைக்காது. உடன்பாட்டுத் தாள் வெளியே இருந்தால்தான் பிழைக்கும். அந்தத் தாள் பூட்டி வைத்திருந்தால், மெஷினின் ஆயுள் மட்டும் அல்ல, அந்த அண்ணனின் தொழிலும் வேறொருவர் கையில் இருக்கிறது. நாளைக்கு அவர் இடத்தில் நிற்கப் போவது நாம்தானே?

எதிர்க்கட்சியும் பேசட்டும்

என் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது மூன்று கேள்வி கேட்டார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள்.

முதல் கேள்வி: "ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டே எல்லா வேலையையும் செய்யுதே, ரேக் எதுக்குடா?" உண்மைதான். ஒரு மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ரேக் வைப்பது கொசுவுக்குக் கோடரி எடுப்பது போல. ரேக் இடம் பிடிக்கும், விலை அதிகம், கனெக்டர் கூடக் கூடப் பழுதாகும் இடமும் கூடும். தூசியும் எண்ணெய்ப் புகையும் உள்ள இடத்தில் கான்டாக்ட் கறுத்துப்போவது பெரிய தலைவலி. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் அர்டுயினோ ஊனோவையே பாருங்கள். அதன் மேல் செருகும் ஷீல்டும் ஒரு கார்டுதானே? அதில் 7-ஆம் பின்னுக்கும் 8-ஆம் பின்னுக்கும் நடுவே இடைவெளி 0.16 அங்குலம், மற்றவை எல்லாம் 0.1. முதலில் வரைந்தபோது நேர்ந்த பிசகு அது. அதற்குள் ஷீல்டுகள் செய்துவிட்டார்கள். மாற்றினால் அவை சேராது என்று அந்த இடைவெளியை அப்படியே வைத்துவிட்டார்கள். ஒரு கோணலான உடன்பாடுகூட, உடன்பாடு இல்லாததைவிட மேல்!

இரண்டாம் கேள்வி: "கார்டைக் கழட்டி மாட்டறது ஒரு வேலையா? நம்மை வெறும் கார்டு மாத்தற ஆளா ஆக்கிடாதா?" இது என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்த கேள்வி. நிஜமாகவே சில இடங்களில் டெக்னீஷியன் அப்படித்தான் ஆகிவிட்டார். மல்டிமீட்டர் பிடிக்கவே மறந்துவிட்டார். ஆனால் அதற்குக் காரணம் ரேக் இல்லை. பூட்டி வைத்த தாள்தான். பஸ் திறந்ததாக இருந்தால், எக்ஸ்டெண்டர் போர்டு போட்டு கார்டை ரேக்குக்கு வெளியே நீட்டி வைத்து, ஸ்ட்ரோப் வருகிறதா, டிடாக் திரும்புகிறதா என்று ஆசிலாஸ்கோப்பில் பார்க்கலாம். எந்த பஃபர் ஐ.சி. போயிருக்கிறது என்று கண்டுபிடித்து மாற்றலாம். மெஷின் வேறு கார்டில் ஓடிக்கொண்டிருக்க, பழுதான கார்டை மேஜையில் வைத்து நிதானமாக ரிப்பேர் செய்யலாம். ஸ்லாட்டில் தொடங்கி ஐ.சி. வரை போகிற படிக்கட்டு அது. ஏறுவதும் முதல் படியிலேயே உட்கார்வதும் நம் கையில்.

மூன்றாம் கேள்வி: "வி.எம்.இ. எல்லாம் நம்ம லேப்ல ஆகுற காரியமா?" ஆகாது; ஆக வேண்டியதும் இல்லை. நமக்கு வேண்டியது அந்தப் பஸ் அல்ல, அந்தப் பழக்கம்.

நமக்கு ஒரு ரேக்

என் யோசனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

யூரோகார்டு 3யூ அளவை அப்படியே எடுத்துக்கொள்வோம்: 100-க்கு 160 மி.மீ. அதே டின் 41612 குடும்பத்தில் 64 பின் கனெக்டர். எட்டு டேட்டா கோடு, எட்டு அட்ரஸ் கோடு, ரீடு, ரைட், ரெடி, ரீசெட், ஒரு இன்டரப்ட், 5 வோல்ட், தாராளமாகக் கிரவுண்ட். மிச்சப் பின்களை எதிர்காலத்துக்கு விட்டுவைப்போம். எந்தக் கார்டும் பஸ்ஸை நேராகத் தொடக்கூடாது, 74 வரிசை பஃபர் வழியாகத்தான் தொட வேண்டும் என்று ஒரு விதி. ஒருவர் கார்டு எரிந்தால் பக்கத்துக் கார்டைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்கத்தான். இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் எழுதி, சட்டம் போட்டு லேப் சுவரில் மாட்டுவோம்.

முதல் வருடம் மெக்கானிக்கல் நண்பர்கள் ஷீட் மெட்டலில் ரேக் செய்யட்டும். அளவு தவறினால் கார்டு உள்ளே போகாது. அவர்களுக்கும் நல்ல பயிற்சி. எலக்ட்ரிகல் நண்பர்கள் பவர் சப்ளை செய்யட்டும். நம் எலக்ட்ரானிக்ஸ் பேட்சுகளில் ஒன்று பேக்ப்ளேன், ஒன்று 8051 சி.பி.யு. கார்டு, ஒன்று ஆப்டோகப்ளர் வைத்த ரிலே கார்டு செய்யட்டும். கம்ப்யூட்டர் நண்பர்கள் அதை ஓட்டும் மானிட்டர் புரோகிராம் எழுதட்டும். அடுத்த வருடம் ஏ.டி.சி. கார்டு, ஸ்டெப்பர் மோட்டார் கார்டு. அதற்கடுத்த வருடம் ஒரு பேட்ச் இ.எஸ்.பி.32 வைத்து புதிய சி.பி.யு. கார்டு செய்யலாம். அது 3.3 வோல்ட் சிப். லெவல் மாற்றும் வேலையைத் தன் கார்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு 5 வோல்ட் முகத்தைத்தான் காட்ட வேண்டும். அண்ணன்மார் செய்த ரிலே கார்டு ஒரு கம்பிகூட மாறாமல் புது மூளையோடு பேசும்போது நமக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு எந்தக் கடையிலும் விலை கிடையாது.

ஆம், கடை விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறையில் ப்ராஜெக்டை விலைக்கு வாங்க முடியாது. ஏனென்றால் கடைக்காரர் ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி செய்து வைத்திருக்கும் போர்டு நம் ரேக்கில் செருகாது. செருகினாலும் சீனியர் கார்டோடு பேசாது. வைவா எடுக்க வருபவர் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. "செருகிக் காட்டு" என்றால் போதும். கண்டிப்போ சர்க்குலரோ செய்ய முடியாததை ஒரு கனெக்டர் செய்துவிடும். ஒரு பேட்ச் செய்ய வேண்டியது ஒரே ஒரு கார்டு என்பதால், மூன்று மாதம் தாராளமாகப் போதும். வீட்டில் அப்பாவிடம் ஆயிரக்கணக்கில் கேட்டு நிற்க வேண்டியதில்லை. கிராமத்திலிருந்து வந்து, பஸ் பாஸில் படிக்கிற நம்மில் பல பேருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

காலி ஸ்லாட்டுக்கும் ஒரு கடமை

முடிப்பதற்கு முன் வி.எம்.இ.யில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அதில் பெரும்பாலான கோடுகள் எல்லாக் கார்டுக்கும் பொதுவாக ஓடும். சில கோடுகள் மட்டும் அப்படி இல்லை. பஸ்ஸைப் பயன்படுத்த அனுமதி தரும் நான்கு கோடுகளும், இன்டரப்டுக்குப் பதில் சொல்லும் ஒரு கோடும், கார்டிலிருந்து கார்டுக்குக் கை மாறித்தான் போகும். முதல் ஸ்லாட்டிலிருந்து சேதி கிளம்பும். "எனக்கு இல்லை" என்றால் அந்தக் கார்டு அதை அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். நடுவில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால்? சேதி அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் இருக்கும் கார்டுகள் எல்லாம் நன்றாக இருந்தும் ஊமையாகிவிடும். அதனால் பழைய பேக்ப்ளேன்களில் காலி ஸ்லாட்டுக்கு ஐந்து குட்டி ஜம்பர்களைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போடாமல் போனால், அடுத்து வருபவர் ஒரு நாள் முழுக்க நல்ல கார்டைக் கழற்றிச் சோதித்துக்கொண்டிருப்பார்.

நாமும் ஆண்டுதோறும் காலியாகிற ஸ்லாட்டுகள்தான். ஜூன் மாதம் ஒரு செட் உள்ளே வருகிறது, ஏப்ரலில் ஒரு செட் வெளியே போகிறது. போகிறவர்கள் தங்கள் கார்டின் சர்க்யூட் டயாகிராம், பின் விவரம், அட்ரஸ் எண், எங்கே தகராறு வந்தது என்ற குறிப்பு இவற்றை எழுதி வைத்தால் அதுதான் ஜம்பர். எழுதாமல் போனால் ரேக் இருந்தும் பயன் இல்லை. அந்தக் கோவை அண்ணன் பரணில் ஸ்பேர் தேடிய கதைதான் நமக்கும். ஆகவே ஜூனியர் ஒருவர் அந்தக் குறிப்பை மட்டும் படித்து, கார்டைச் செய்தவர் உதவி இல்லாமல், அதை இயக்கிக் காட்டினால்தான் ப்ராஜெக்டுக்கு முழு மார்க் என்று துறையில் கேட்டுப் பெற வேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்பேன்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம், புது லேப் வேண்டாம். நான்கு துறைத் தலைவர்களும் உட்கார்ந்து பேச ஒரு மதிய வேளை, அந்த இரண்டு பக்கத் தாளில் நான்கு கையெழுத்து, இவ்வளவுதான் முதல் தேவை. நம் மாணவர் சங்கம் கான்டீன் விலைக்கும், பஸ் நிறுத்தத்துக்கும், ஸ்போர்ட்ஸ் டேக்கும் குரல் கொடுத்திருக்கிறது; வாழ்த்துகள். அடுத்த பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தையும் எடுத்து வைக்கும்படி சங்க நிர்வாகிகளை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டு நண்பர்களே, நாங்கள் போகிறோம். முதல் கார்டு உங்கள் கையில்தான் பிறக்க வேண்டும். அதற்கான பின் விவரத் தாளின் முதல் நகலை எழுதி லேப் அட்டெண்டர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். திருத்துங்கள், அடியுங்கள், சண்டை போடுங்கள். ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு, அதை மட்டும் மாற்றாதீர்கள்.

வாழ்க மாணவர் ஒற்றுமை!